புதுச்சத்திரம் வரைக்கும்

இங்கிலாந்தில் நான் படித்த ஊரில், பேருந்தில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். நாலைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அந்த இடம் யார் கண்ணிலும் படாது. முதல் வாரம் நான் என் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் வாசனை சோப்பு வாங்கினேன். மூன்றாவது வாரம்தான் விஷயம் புரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நிறவெறி, சமூக நீதி பற்றிய மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்துப் போயிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "அதைப் படிச்சா என்னத்துக்கு ஆகும் சாமி?" பதில் தெரியாமல் விமானம் ஏறினேன்.

வகுப்பில் நாங்கள் பதினோரு பேர், எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள். பகல் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் கொல்லும். கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஆள் இருக்காது. வாரக்கணக்கில் தமிழ் காதில் விழாமல், ஒருநாள் கண்ணாடி முன் நின்று, "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தக் காலி இருக்கையைப் பற்றி வகுப்பில் பேசினேன். கோபம் எனக்குச் சுலபமாக வரும். அன்று மேசையைத் தட்டியே பேசினேன். முடித்ததும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த பெண் கேட்டாள்: "உங்கள் ஊர்ப் பேருந்தில் எப்படி?" "எங்கள் ஊரில் யாரும் எங்கேயும் உட்காரலாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் ஞாபகம் வந்தது.

அவன் என் நண்பன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். பள்ளியில் ஒரே பெஞ்சு, எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரே கல்லூரி. மாலையில் நாமக்கல் பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார்களைக் கிண்டல் செய்துகொண்டு வருவோம். புதுச்சத்திரம் நெருங்கும்போது அவன் பேச்சை நிறுத்துவான். அங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் ஏறுவார்கள். அவன் எழுந்து கடைசி வரிசைக்குப் போவான். அவன் இடத்தில் நான் என் பையை வைப்பேன். அடுத்த நிறுத்தம் எங்கள் ஊர். நான் முன்வாசலில் இறங்குவேன், அவன் பின்வாசலில். அதுவரை 'டா' போட்டுப் பேசியவன், "வாரேனுங்க சாமி" என்று ஒதுங்கி நடப்பான்.

ஏன் என்று தெரியாது என்று சொன்னால் பொய். நன்றாகத் தெரியும். அதை நினைத்து ஒருநாள்கூட எனக்குத் தூக்கம் கெட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேருந்தைப் பற்றியே ஆய்வேடு எழுதுவது என்று முடிவு செய்து கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தேன். அவன் பேசினால்தான் ஆய்வேடு. ஆனால் அதைவிட, அவன் என்னை இன்னும் நண்பனாக நினைக்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் குளிர்தேசத்தில் எனக்கென்று நினைத்துக்கொள்ள வேறு ஆளில்லை.

அவன் ராசிபுரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வேலை முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், பேருந்து நிலையத்து டீக்கடையில் சந்தித்தோம். நான் நோட்டைத் திறந்து, மூடியை எடுத்த பேனாவோடு, பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி கேட்டேன்: "அன்னைக்கெல்லாம் ஏண்டா எந்திரிச்சுப் போனே?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். "நீ ஏண்டா ஒரு நாளாவது உக்காருன்னு சொல்லுலே?"

நான் பேனாவை மூடப் போனேன். அவன் நோட்டைக் காட்டி, "அதையும் எழுதிக்கோ" என்றான்.

"இன்னைக்குச் சொல்றேன். உக்காரு. எறங்குற வரைக்கும் எங்கூடவே உக்காரு" என்றேன்.

டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவன் அப்பாவும் அம்மாவும் இன்னும் அந்த ஊரில்தான் இருந்தார்கள், எங்கள் தோட்டத்து வேலையில்தான் இருந்தார்கள். என் விடுமுறை முடிந்தால் நான் விமானம் ஏறிவிடுவேன். இதெல்லாம் அவன் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. "செரி, உக்காந்துக்கறேன்" என்றான். "எழுதி முடிச்சா எனக்கொரு காப்பி அனுப்போணும். நாஞ் சொன்னதை நீ என்ன பண்ணி வெச்சிருக்கறேன்னு பாக்கோணும்."

நாமக்கல் பேருந்தில் மூன்றாவது வரிசை. அவன் ஜன்னலோரம், நான் வழியோரம். கூட்டம். ஒரு கிழவர் நின்றுகொண்டே வந்தார். அவன் தன் மகள் நடக்கப் பழகுவதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி ஆண்டகளூர் கேட் நிறுத்தத்தைத் தாண்டியது. புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியே என் பெரியப்பா தெரிந்தார். கூட ஊர்க்காரர்கள் இரண்டு பேர்.

அவனும் பார்த்துவிட்டான். மகளைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றது. முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

பெரியப்பா படியேறி எங்களிடம் வந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க பெரியப்பா" என்றேன்.

பெரியவருக்கு இடம் கொடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராசிபுரத்திலிருந்து நின்றுகொண்டே வந்த கிழவர் பெரியவர் இல்லையா? அவருக்கு நான் எழவில்லையே. பயத்தில் எழுந்தேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா காலி இடத்தைப் பார்த்தார். ஜன்னலோரம் யார் என்று பார்த்தார். "வேண்டாஞ் சாமி, நின்னுக்கறேன்" என்றார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்கார்வது? நானும் நின்றேன். ஊர்க்காரர்களும் நின்றார்கள். எங்கள் ஊர் வரும்வரை அவன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அவன் திரும்பவே இல்லை, வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இறங்கியபின் பெரியப்பா முன்னால் நடந்தார். அவன் என்னைத் தாண்டும்போது "வாரேனுங்க சாமி" என்று சொல்லவில்லை. "காப்பி அனுப்பு" என்று மட்டும் சொன்னான். விடுமுறை முடியும்வரை நான் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. என்னவென்று போய் நிற்பது?

திரும்பிப் போய் ஆய்வேடு எழுதினேன். டீக்கடையில் அவன் கேட்ட கேள்வியை எழுதினேன். என்னை நானே திட்டிக்கொண்டு நாலு பக்கம் எழுதினேன். பேருந்து வந்த இடத்தில் கை நின்றது. மூன்று நாள் அந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருந்துவிட்டு இப்படி எழுதினேன்: 'புதுச்சத்திரம் வந்ததும், நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.'

வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசித்தேன். மிக நேர்மையான பக்கம் என்றார் பேராசிரியர். தென்னாப்பிரிக்கப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. அன்று மாலை பேருந்தில் அவள் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனிடமிருந்து கடிதம் வந்தது. எழுதி முடித்தாயிற்றா, காப்பி எங்கே என்று இரண்டே வரி. அவனுக்கென்று எடுத்து, அட்டை போட்டு, முகவரிகூட எழுதி வைத்த பிரதி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அந்த வரியை அவன் படிப்பான். அன்று எழுந்தது யார் என்று அவனுக்குத் தெரியும்.