மேற்கே போட்ட நாற்காலி

அந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை மச்சான்தான் தலையில் வைத்துச் சுமந்துவந்தார். இலத்தூர் போகிற வழியில், அந்த வருடம் நடவு போடாமல் தரிசாகக் கிடந்த வயல், ராக்கெட் விடுவதற்கென்று அவர் பார்த்துவைத்த இடம். நாற்காலியை இறக்கி, நான்கு கால்களும் மண்ணில் ஒழுங்காக ஊன்றியிருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தார். தானே ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். அப்புறம்தான் வரப்பில் நின்ற என் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்தார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து, இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாம் ஏறி இறங்கி, இரண்டு முறை கைக்கு வராமலே போனபின் தங்கிய பிள்ளை. வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகக்கூடப் பேசமாட்டோம்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் மச்சான். வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். எந்தச் சாரத்தில் ஆள் ஏறலாம், எந்தச் சுவரோரம் நிற்கக்கூடாது, தீப்பிடித்தால் எங்கே ஓடிப்போய்க் கூட வேண்டும் என்று சொல்வதற்குத்தான் சம்பளம். லீவில் தென்காசிக்கு வந்தாலும் அந்த வேலையை அங்கே விட்டுவிட்டு வரத் தெரியாது. காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மணல் வாளி வைப்பார். ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு. “மச்சான், கட்டில்ல இருந்து இறங்கவும் ஹெல்மெட் போடணுமா?” என்று நான் வம்பிழுப்பேன். அவர் சிரிக்கமாட்டார். “சிரிட்டி, சிரி. எங்க சைட்டுல விழுந்தவன் எல்லாம் அதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் சிரிச்சிட்டு இருந்தவன்தான்” என்பார். அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ராக்கெட் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? கம்பெனி முதலாளியின் பிள்ளைகள் ஒருநாள் பாலைவனத்தில் மாடல் ராக்கெட் விட்டிருக்கிறார்கள். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதற்காக இவரைக் கூட்டிப் போனார்களாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார். நம் பிள்ளைக்கும் இதைக் காட்டாமல் விடுவதா என்று, பிள்ளை பிறக்கும் முன்பே ஒரு கிட் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, சிவப்பு பாராசூட், மெல்லிய மரத் தகட்டில் வெட்டிய வால் இறக்கைகள். உள்ளே வைத்து எரிக்கிற மோட்டாரை மட்டும் விமானத்தில் ஏற்ற விடவில்லை. அதை இங்கே வந்து, இந்த மாதிரி சாமான் விற்கிற கடையில் சொல்லி வரவழைத்தார். “வயித்துக்குள்ள இருந்தே சத்தத்தைக் கேக்கட்டும்” என்றார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பெட்டியில் வந்ததில் இறக்கைகள் நொறுங்கிப் போயிருந்தன. மச்சான் சலிக்கவில்லை. ஒட்டுப்பலகையில் புதிதாக அறுத்தார், பழையதைவிடப் பெரிதாக. “வால் பெருசா இருந்தா ஆடாம நேரா போகும், பிள்ளத்தாச்சி பக்கத்துல இருக்கால்லா” என்றார். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. அருவியில் கூட்டம், ஊரெல்லாம் சாரல். வீட்டுக்குள் காயப்போட்ட துணியே காயவில்லை, பெயின்ட் எப்படிக் காயும்? தொட்டால் விரல் பதியும். பதிந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு பூசுவார். அதுவும் பதியும். கடைசியில் மாதுளம்பழம் மாதிரி பளபளவென்று ஒன்று மேசைமேல் நின்றது. கையில் எடுத்துப் பார்த்தேன், கனத்தது. இத்தனை கனத்தோடு இது எப்படி எழும்பும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

லீவு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. காற்று குறைகிற வழியாக இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும்போது எங்கள் பக்கத்தில் தென்னை மரமெல்லாம் கிழக்கே பார்த்துத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கும். வயலில் போய் நின்றபோது முக்காடு தலையில் நிற்கவில்லை. “இன்னிக்கு வேண்டாமே” என்று நான் சொன்னேன். சொன்னால் கேட்கிற ஆளா?

எங்கே நிற்பது என்று பேச்சு வந்தது. இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. வயலில் வைக்கோல் கொளுத்தினால் காற்று வருகிற பக்கம் நிற்கவேண்டும், புகையும் பொறியும் மறுபக்கம் போய்விடும். இது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். “காத்து மேக்க இருந்துல்லா வருது. எல்லாரும் மேக்க உக்காருங்க. அது கெழக்க போயிரும்” என்றார் எங்களோடு வந்திருந்த வாப்பா. “அதேதான் மாமா” என்றார் மச்சான். அப்படித்தான் அக்காவின் நாற்காலி மேற்கே போடப்பட்டது. தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நானும் உங்க பக்கத்துலயே நிக்கேனே.”

“சொன்னாக் கேளு. இங்கன இருந்தாத்தான் உனக்குப் பத்திரம். நான் அங்கன நின்னு பாத்துக்கிடுதேன்” என்று விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு, ராக்கெட்டைக் கம்பியில் மாட்டி நட்டிருந்த இடத்துக்கு நடந்துபோனார். மறுபடி வேண்டாம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். வாயைத் திறந்தால் அபசகுனமாகப் பேசுகிறேன் என்பார்கள். அக்காவுக்குக் கொஞ்சம் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மச்சான் எண்ணினார். பட்டனை அழுத்தினார். சீறிக்கொண்டு கிளம்பியது ராக்கெட். ஆனால் நான் நினைத்த வேகம் இல்லை, பாரத்தைத் தூக்கிக்கொண்டு எழுவதுபோல எழுந்தது. நட்டுவைத்த கம்பியைவிட்டு வெளியே வந்ததும் காற்று அந்தப் பெரிய வாலைப் பிடித்துக் கிழக்கே தள்ளியது. வால் கிழக்கே போனால் மூக்கு எங்கே வரும்? அந்தக் காற்றாலைகள் மாதிரியே மேற்கே திரும்பியது. காற்றை எதிர்த்துக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து வந்தது. “ஏலே, இங்கனல்லா வருது!” என்று வாப்பா கத்தினார். மச்சான் ஓடிவந்தார். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடிவந்தார். ராக்கெட்டை முந்த முடியுமா?

நாற்காலிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கழுத்துவரை மண்ணில் இறங்கியது. அதன்பிறகுதான் பாராசூட்டை வெளியே தள்ளுகிற மருந்து உள்ளே ‘டப்’ என்று வெடித்தது. குழாய் பிளந்து சிவப்பு பாராசூட் சேற்றில் வழிந்தது. அக்காவின்மேல் ஒரு கீறல் இல்லை. ஆனால் பதறி எழுந்தவளுக்குக் கால் நாற்காலியில் சிக்கியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் பக்கவாட்டில் விழுந்துவிட்டாள். “அல்லாஹ்” என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் காரில் போனோம். அக்கா கண்ணை மூடி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் இருந்த மச்சான் திரும்பாமலே, “அசையுதா?” என்று கேட்பார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்பார். நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. பெரிய டாக்டரம்மா கருவியை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் குதிரை ஓடுவதுபோல அந்தத் துடிப்பு கேட்டதே, அப்போது மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் சில நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

வார்டில் மச்சான் அக்காவின் காலடியில் நின்று, “பத்திரமான எடம்னுதான நெனச்சேன்” என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “பத்திரமான எடம்னா நீங்களும் என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாம்லா? எப்பவும் எங்கள ஒரு எடத்துல உக்கார வச்சிட்டு நீங்க தூரத்துலதான் நிக்கிய.”

அவள் வயலை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாதா? டிக்கெட் தேதி வந்தது, போனார். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்ததைப் போனில்தான் பார்த்தார். எங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் போகிறார் என்று வாப்பா சமாதானம் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. ஓயாமல் பேசுகிறாள். கொஞ்ச நாளாக டிவியில் மச்சான் இருக்கிற நாட்டு வானத்தைக் காட்டுகிறார்கள். ஏவுகணைகள் தீக்கோடு இழுத்துக்கொண்டு போகின்றன. எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியுமோ என்னவோ. நேற்று மத்தியானம் மச்சான் போன் பண்ணினார். பின்னால் சைரன் சத்தம்.

“எங்கன இருக்கிய?” என்றாள் அக்கா.

“கட்டடத்துக்கு அடியில கார் நிறுத்துற எடத்துல. எங்க ஆளு எல்லாரையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிட்டேன். இந்த எடம் பத்திரம்.”

“யாரு சொன்னா?”

“நான்தான் பாத்து முடிவு பண்ணேன்” என்றார். “நான் வெளிய வாசல்ல நிக்கேன். இன்னும் ரெண்டு பேரு வரணும்.”

அக்காவின் உதடு அசைந்தது. உள்ளே போய் உட்காருங்கள் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, வெளியிலேயே நில்லுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. பிள்ளை “வாப்பா, வாப்பா” என்று போனுக்காகக் கையை இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.