ஜுக் என்றால் ஜூஸ் இல்லை

பர் துபாயில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளிடம் சாப்பாட்டு ஆர்டர் எடுப்பது என் வேலை. பன்னிரண்டு மணி நேர டூட்டி. மதியத்துக்குள் கால் வீங்கிவிடும்.

ஒரு வாரம் நாலாவது மாடியில் ஹாங்காங்கைச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர் இருந்தார். வயிற்றில் ஆபரேஷன். அனுப்பிய சாப்பாடு தொடாமலே திரும்பி வந்தது. என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வலி மாத்திரை மயக்கத்தில் அவருக்கு ஒரே சொல்தான் வந்தது. "ஜுக்."

ஆரஞ்சு ஜூஸ் கொண்டுபோனேன். வேண்டாமென்று தலையசைத்தார். ஆப்பிள் ஜூஸ் கொண்டுபோனேன். அதுவும் இல்லை. மூன்றாவதாக மாதுளை ஜூஸோடு போய் நின்றபோது கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் எரிச்சல்தான். இன்னும் பதினோரு அறைகள் பாக்கி.

மறுநாள் தெளிந்து உட்கார்ந்திருந்தார். அரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைப்பதுதான் ஜுக் என்று அவரே விளக்கினார். கஞ்சி. கஞ்சி கேட்டவருக்கு மூன்று தடவை ஜூஸ் நீட்டியிருக்கிறேன்.

சமையலறையில் இருந்தவர் தஞ்சாவூர்க்காரர். "மெனுல இல்லாதத எப்படிக்கா குடுக்கறது?" என்றார்.

"டயட்டீஷியன்கிட்ட கேட்டுட்டேன். உப்பு கம்மியா போட்டு வச்சுக் குடுங்க, போதும்."

இன்ஜினியர் அரைக் கிண்ணம் குடித்தார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் தட்டைக் காட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார். சோறு "ஃபான்". கீரை "சோய்". முட்டை "டான்". ஒருநாள் சோற்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விரலால் சுற்றிக் காட்டி, "சுங்" என்றார். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் இல்லை என்று வருத்தப்பட்டார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தொட்டுக்க என்ன இருக்கிறது என்று கேட்போமே, அது. தமிழில் சொல்லிக் காட்டினேன். "தொத்துகா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார். டூட்டி முடிந்து போய் நான்தான் என்றேன். இன்றைக்கு என்ன சுங்? தெரியவில்லை, யோசிக்கவே அலுப்பாக இருக்கிறது என்றேன். அவருடைய மனைவியும் போனில் தினமும் இதையேதான் சொல்கிறாராம்.

நான் லீவு எடுத்த நாளில் அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அவர் கேட்டது சாண்ட்விச். எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.