மரவள்ளிக்கு நடுவே புல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பால் ஊற்றிய மாரியாயி மனிதர்கள் யாரையும் நம்பமாட்டாள். நம்பியது தன் செவலைப் பசுவை மட்டும். புருஷனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபின் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது அந்தப் பசுதான்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் வெறும் நிலத்தில் எல்லாம் மரவள்ளி நடவேண்டும் என்று உத்தரவு. மனிதன் கிழங்கைத் தின்பான், மாடு எதைத் தின்னும்? மரவள்ளி இலையைப் பச்சையாகத் தின்ற மாடு ஒன்று நுரை தள்ளிச் செத்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதனால் கிள்ளான் ஆற்றோரத்துத் தன் கொல்லையில் சுற்றிலும் மரவள்ளி நட்டு, நடுவில் கினிப்புல்லும் ரப்பர் தோட்டத்தில் தரையை மூடப் படரவிடும் பயற்றங்கொடியும் வளர்த்தாள். தெரிந்தால் புல்லைப் பிடுங்கிவிடுவார்கள், மாடு கறிக்குப் போய்விடும்.

அந்தப் பக்கம் இருமியவனெல்லாம் அவளுக்கு உளவாளிதான். அதிலும் பக்கத்துக் கொல்லை நாகையாமேல் தீராத சந்தேகம். அவளுடைய கொடி அடிக்கடி அறுபட்டுக் கிடந்தது. அவனிடமோ ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. சாட்சிக்குத்தான் அறுத்துக்கொண்டு போகிறான், வேறென்ன! நேரே கேட்கப் பயம். அவன் வீட்டுப் பாலில் மட்டும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு கொல்லைக்குள் வந்து நின்றான். பின்னாலேயே நாகையா ஓடிவந்தான். பாவி, காட்டிக்கொடுத்துவிட்டானே என்று மனதுக்குள் அவனைச் சபித்தாள்.

"உத்தரவு தெரியாதா? எதுக்குப் புல்லு?" என்று மொழிபெயர்ப்பாளன் அதட்டினான்.

அவள் வாய் திறக்குமுன் நாகையா முந்திக்கொண்டான். "இது மாட்டுக்கு மட்டும் இல்லீங்க. மரவள்ளி மேல மரவள்ளி போட்டு என் மண்ணு செத்துப்போச்சு. மழைக்குப் பாதி ஆத்தோட போச்சு. இந்தக் கொடிய அறுத்துப் பாத்தியில மூடிவச்சேன். இப்ப வெளஞ்சதப் பாருங்க."

கை தடிமனுக்கு ஒரு கிழங்கை நீட்டினான். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ உறுமினான். புல்லை விட்டுவிட்டு, கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

மாரியாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்போ கொடியத் திருடுனது நீதானா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களாக்கா?"

"மாட்டேன்."

மறுநாள் காலை, முதல்முறையாகச் சொட்டுத் தண்ணீர் கலக்காத பாலை நாகையா வீட்டில் ஊற்றினாள். கைக்குழந்தையோடு வந்த அவன் மனைவி சந்திரகலா பாத்திரத்தை முகர்ந்து பார்த்தாள், ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னக்கா, இவ்வளவு கெட்டியா இருக்கு? பிள்ளைக்குக் குடுக்கிற பாலு. உண்மையச் சொல்லுங்க, இதுல என்னத்தக் கலந்தீங்க?"