மான் வயிற்றுக் கல்

பொன்சியானோ கனுல் கூட்டத்தோடு வேட்டைக்குப் போகமாட்டார். ஊர் ஆண்கள் நாய்களை ஏவி மான் விரட்டும் நாளில்கூட, ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு அவர் வேறு திசையில் தனியாகக் கிளம்பிவிடுவார். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கால்விரல் நுனியை ஊன்றிப் பார்த்து, அப்புறந்தான் பாதத்தை வைப்பார். காற்று முகத்தில் பட்டால் நடப்பார். பிடரியில் பட்டால் நின்றுவிடுவார். ஒரு மைல் கடக்க ஒரு காலைப்பொழுது ஆகும். நாலு தடவை போனால் ஒரு மான். அதுவே அவருக்குப் போதும்.

ஐம்பத்திரண்டாவது வயதில், தான் சுட்ட ஆண்மான் ஒன்றை அறுத்தபோது அதன் வயிற்றில் கோழிமுட்டை அளவில் ஒரு கல் கிடந்தது. அந்தப் பக்கத்து வேட்டைக்காரர் எவரும் அறிந்த சங்கதிதான் அது. கல் வைத்திருப்பவன் முன்னால் மான் தானாக வந்து நிற்கும். ஒருவரிடம் சொன்னாலும் அதிர்ஷ்டம் போய்விடும். பொன்சியானோ யாரிடமும் சொல்லவில்லை, மனைவி எர்மிலாவிடமும். கல்லை ஒரு துணிப்பையில் போட்டுக் கூடவே வைத்துக்கொண்டார்.

அதன்பின் வாரம் தவறாமல் மான். ஊர் முதலில் பங்கை ஆசையாக வாங்கித் தின்றது, பிறகு முணுமுணுத்தது. ஒருநாள் எர்மிலாவின் தம்பி குமெர்சிந்தோ, கொண்டுபோன தொடைக்கறியை வாங்க மறுத்துவிட்டான்.

"எங்க நாய்ங்க ஓடி ஓடி நாக்குத் தள்ளுது. நீ மாமியா வீட்டுக்குப் போறவனாட்டம் போயிட்டு வர்ற. யாரு மச்சான் உனக்கு மானக் கட்டிப்போட்டு வைக்கிறது?"

"ஏதோ கெடைக்குது."

"ஏதோவா? அப்ப நீயே தின்னு."

பிறகு மற்ற வீடுகளும் வாங்குவதை நிறுத்தின. தன் வீட்டிலும் அதே கதைதான்.

"அந்தப் பையில என்ன?" என்றாள் எர்மிலா.

"ஒண்ணுமில்ல."

"முப்பது வருஷமா உன் அழுக்குத் துணியத் தொவைக்கிறேன். ஒண்ணுமில்லாததயா தலமாட்டுல வச்சுப் படுக்கற?"

மகளின் பிரசவத்துக்கென்று டவுனுக்குப் போனவள், குழந்தைக்கு மூன்று மாதமாகியும் திரும்பவில்லை.

மழை விட்ட ஒரு காலை, பத்தடி தூரத்தில் ஒரு பெண்மான் நின்றது. பொன்சியானோவின் காலடியில் சுள்ளி முறிந்தது. அது காதைக்கூட அசைக்கவில்லை. வேண்டுமென்றே இருமினார். இலையை மென்றபடி பார்த்துக்கொண்டே நின்றது. அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். ஓடக்கூடிய மானைத்தான் இத்தனை காலமும் தேடி நடந்திருக்கிறார். இதைச் சுட்டாலும், கறியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாசல் இல்லை. ஒரு சப்போட்டா மரத்தடியில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டவுனுக்குப் போனார். கொல்லையில் பேரனின் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த எர்மிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கல்லை வாங்கி உருட்டிப் பார்த்தாள். "இதுக்காகவா எட்டு மாசம் வாயத் தொறக்கல? எவளோ ஒருத்தின்னு நெனச்சிருந்தேன்."

"அப்படி யாரும் இல்ல."

"இருந்திருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன். கல்லோட என்னத்தச் சண்டை போட?"

தனியாக ஊர் திரும்பி, கல்லைக் காட்டில் போட்டுவிட்டார். அடுத்த இரண்டு மாதம் ஓடி மறையும் மான்களின் வெள்ளை வால்களை மட்டுமே பார்த்தார். குமெர்சிந்தோ கூட்டு வேட்டைக்கு அழைத்தான். ஒருதரம் போனார், நாய்ச்சத்தம் தாங்காமல் பாதியில் திரும்பிவிட்டார்.

சோள அறுவடைக்கு எர்மிலா வந்து சேர்ந்தாள். ரொட்டி தட்டிப் போட்டாள், சோளக்காட்டில் கூடவே கதிர் ஒடித்தாள். அன்று பொழுது சாய்ந்ததும் அவர் தூளிக்குப் பக்கத்தில் தான் படுக்கும் வலைத்தூளியை மட்டும் அவிழ்த்துக்கொண்டுபோய் அடுப்படிக் குடிசையில் கட்டினாள்.

"வீட்டுக்குள்ள புழுக்கமா இருக்கு" என்றாள்.

மார்கழி வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. பொன்சியானோ சரியென்று தலையாட்டினார்.