எட்டாத உயரத்தில் ஏலக்காய்

ஏலக்காய் செடியில் எங்கே காய்க்கும் என்று தெரியாமலேயே போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடை ஒன்றில் நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வெளியே சொல்லக்கூடாத விஷயம்தான். ஆனால் போன வாரம் பரணை ஒழிக்கும்போது ஒரு காகிதச் சுருள் தலையில் விழுந்தது. பிரித்தால், இத்தனை வருடம் கழித்தும் லேசாக ஏலக்காய் வாசனை. இனி மறைத்துப் பயனில்லை.

சுருளில் இருந்தவை ஒன்பது மேடைப் படங்கள். கட்டம் போட்ட தாளில், ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்து, விளக்கு எங்கே, யார் எந்தப் பக்கமிருந்து வருவது என்றெல்லாம் அம்புக்குறி போட்டு வரைந்தவை. தலைப்பில் ‘பாலே’ என்று கொட்டை எழுத்து. நான் அதை வரைந்த எழுபதுகளில் எங்கள் ஊர் நூலகத்துக்கு ரஷ்யப் பத்திரிகை வரும். அதன் வழவழப்பான தாளைக் கிழித்துப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவார்கள். கிழித்தது போக மிஞ்சிய பக்கங்களில்தான் நான் பாலே என்னும் ரஷ்ய நடனத்தைக் கற்றேன். என் கலையறிவில் அங்கங்கே பக்கம் விட்டுப்போயிருப்பதற்கு அதுவே காரணம்.

பெண்கள் பள்ளி டான்ஸ் டீச்சர், மேகத்தைக் கட்டிக்கொள்ளும் மலைப்பெண் ஒருத்தியின் கதையை ஆண்டு விழாவுக்கு நாட்டிய நாடகமாகப் போட்டார். கடை மூட்டைகளில் மார்க்கா எழுதுகிறவன் என்ற தகுதியில் சீன் வரைய என்னை அழைத்தார்.

“மதுரையிலேருந்து நாடகக் கம்பெனிக்காரர் பார்க்க வர்றார். அவருக்கும் சீன் வரைய ஆள் வேணுமாம். நல்லா வந்துச்சுன்னா உங்களைச் சொல்றேன்.”

அந்த நிமிடமே நான் மனசுக்குள் மதுரைக்கு ரயிலேறிவிட்டேன். அதன்பிறகு கடை முதலாளி கூப்பிட்டால்கூட, ஒரு கலைஞனுக்குரிய தாமதத்தோடுதான் எழுந்தேன்.

முதலில் அந்த ஒன்பது படங்களையும் போட்டேன். பிறகு சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுண்ணாம்பு பூசி, அதில் ஏலத்தோட்டம் வரைந்தேன். பாலேக்காரிகள் கால் நுனியில் நிற்பார்கள் இல்லையா? நிற்க ஒரு காரணம் வேண்டுமே. காய்களைச் செடியின் உச்சியில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டேன். பன்னிரண்டு பெண்கள் எம்பி எம்பிப் பறிக்க ஒரு மாதம் பழகினார்கள். டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கம். அவரைப் பொறுத்தவரை ஏலக்காய் பாயசத்தில் காய்ப்பது.

விழா மாலை. முன்வரிசையில் மதுரைக்காரர். அவருக்குப் பின்னால், தங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க எஸ்டேட்டிலிருந்து ஜீப்பு ஜீப்பாக வந்திறங்கிய காயெடுக்கும் பெண்கள். திரை விலகியது. பிள்ளைகள் நுனிக்காலில் எம்பினார்கள். கொட்டகையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“அடியாத்தீ! ஏணி கொண்டாங்கடி, காயெடுக்கணும்!”

“இப்புடிக் காய்ச்சிருந்தா எனக்கு இடுப்பாச்சும் மிஞ்சியிருக்குமேடி!”

கொட்டகை குலுங்கியது. ஏலக்காய் தரையோரம், தூரிலிருந்து படரும் சரத்தில்தான் காய்க்கிறது. குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அங்கிருந்தவர்களில் எனக்கும் டீச்சருக்கும் மட்டுமே அது புதிய செய்தி. ஓரத்தில் டீச்சரின் தாளம் நின்றுவிட்டது. நான் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுக்கவா வேண்டாமா என்று நின்றேன்.

மலைப்பெண்ணாக ஆடிய செல்வி எஸ்டேட்டில் பிறந்தவள். ஒரு கணம் திகைத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, அரைமண்டியில் இறங்கி, அப்படியே குத்தவைத்து, வெறும் பலகையில் காயெடுக்க ஆரம்பித்தாள். விரல்கள் பறந்தன. தாளம் மறுபடி எழுந்தது. மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

“அப்புடித்தான் ஆத்தா! பிஞ்சை விட்டுட்டு எடு!” என்று பின்வரிசை கைதட்டியது.

விழா முடிந்து செல்வியிடம் கேட்டேன்: “தெரிஞ்சும் ஒரு மாசமா ஏம்மா சொல்லல?”

“நீங்க படிச்சவுகண்ணே. ரஷ்யாவுல மேலதான் காய்க்குமோ என்னமோன்னு இருந்துட்டேன்.”

மறுநாள் காலை படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதுரைக்காரரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் பிரியமாகத்தான் பேசினார். சுருளை மட்டும் கேட்கவில்லை.

அவர் ஏறிய அந்த மீட்டர்கேஜ் சின்ன ரயில் இன்று இல்லை. ரஷ்யப் பத்திரிகை இல்லை. அதை அனுப்பிய தேசமே இல்லை. என் ஏலத்தோட்டம் சில காலம் ஜீப்பு லோடுக்குப் போர்வையாக மலையேறி இறங்கி, நைந்து போனது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டி கழுவுகிறார்கள்.

அன்று ரயில் நகரும்போது மதுரைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்:

“கவலைப்படாதீங்க தம்பி. கடைசியில எல்லாரும் கீழயே பார்த்துக்கிட்டிருந்தாங்க. உங்க சீனை ஒருத்தரும் கவனிக்கல.”