கையெழுத்துக்கு ஒரு முறுக்கு

தாத்தாவுக்கு அவருடைய கையெழுத்தையே திரும்பக் கற்றுக்கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. கற்றுக்கொடுத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

கிள்ளான் ஊரில் இருந்த தாத்தாவின் சொந்த வீட்டில் தாத்தாவும் அத்தையும் மட்டும்தான். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொழிற்சாலைக்கும் போய்க்கொண்டு, தாத்தாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டுக்கொண்டு அந்த வீட்டோடு கிடந்தார். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன தாத்தா முதன்முறை வழி தெரியாமல் நின்ற வருடமே அத்தை கேட்டார்.

"அப்பா தெளிவா இருக்கும்போதே லாயர்கிட்ட போய் எழுதி வச்சிடலாம் லா."

பெரியப்பா குதித்தார். "உசுரோட இருக்கிற மனுசனுக்கு உயிலா? நீயே பாடை கட்டிடுவ போல."

அபசகுனம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள், என் அப்பா உட்பட. அத்தை அதோடு வாயை மூடிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து, தாத்தாவுக்குத் தன் பெயரே மறந்துபோன பிறகு, அதே பெரியப்பாவுக்கு லாயர் ஞாபகம் வந்தது. அபசகுனம் எங்கே போனதோ தெரியவில்லை.

பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே வந்திருந்தேன். அத்தை வேலைக்குப் போனால் தாத்தாவுக்கு நான்தான் துணை. பெரியப்பா ஒரு டின் முறுக்கும் புது நோட்டும் கொண்டுவந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் தாத்தாவின் பழைய கையெழுத்து ஒட்டியிருந்தது.

"இதே மாதிரி தாத்தாவ போட வைம்மா. சரியா போட்டா ஒரு முறுக்கு குடு. அத்தைகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸ்."

பெரியப்பா சொல்லிவைத்த கேள்வி பதிலும் உண்டு. வீடு யாருக்கு? பெரிய மகனுக்கு. ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டி இரண்டு வாரம் பாடம் நடத்தினேன். தப்பாகப் போட்டால் முறுக்கை டின்னுக்குள் திரும்பப் போட்டுவிடுவேன். தாத்தா டின்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியப்பா எங்கள் இருவரையும் பிரிக்பீல்ட்ஸில் லாயரின் மாடி அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். லாயர் கேட்ட கேள்விகளுக்குத் தாத்தா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். வீட்டை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்தைப் போட்டார். பேனாவை வைத்த கையோடு உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

"அங்கிள் பீஸ் கேக்குறாரு லா," என்று லாயர் சிரித்தார்.

கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிகிறதா என்று பார்ப்பதுதானே அந்த ஆளின் வேலை? நீட்டிய கையைப் பார்த்த பிறகுமா புரியவில்லை? படித்த அயோக்கியன். நான் பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. வீடு பெரியப்பா பெயருக்கு மாறி, இரண்டே மாதத்தில் விலைபோனது. தாத்தாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அண்ணனை எப்படிக் கேட்பது என்று என் அப்பா சும்மா இருந்தார். அந்தக் கோபமும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தை ஒரு வாடகை அறைக்குப் போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சர்ப்ரைஸ்தான் முடிந்துவிட்டதே என்று நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் அத்தை. கடைசிப் பக்கம் பாருங்க, எவ்வளவு அழகா போட்டிருக்காரு."

அத்தை கட்டிலில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஒட்டியிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், கெட்டிக்காரி என்று சொல்வார் என்று.