பொட்டு வைத்த கற்கள்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளி இருந்தது. அதற்குள் இருந்தது என் சொத்து முழுவதும். வீட்டில் மற்றவர்கள் அதைக் கல் என்றார்கள்.

குருபரப்பள்ளிப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் மாமாவுக்கு வேலை. அறுத்து மிஞ்சிய துண்டுகளை எனக்குக் கொண்டுவந்து தருவார். முகம் பார்க்கலாம் போல மின்னும் கறுப்பு, சிவப்பில் சாம்பல் நிறம் அலையோடும் துண்டு, எல்லாம் அப்படி வந்தவை. தளி ரோட்டில் நானே பொறுக்கிய காக்காப்பொன் கல்லும் உண்டு. ஆனால் பட்டத்து ராணி வேறு. உள்ளங்கை அகலக் கல்லில் இலை அச்சு பதிந்ததுபோல் கரிய கோடுகள் படர்ந்திருக்கும். பல லட்சம் வருடத்துச் செடி என்று நானே அதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தேன். அறிவியல் புத்தகத்தில் அதே மாதிரி படம் இருந்தது, வேறென்ன வேண்டும்?

அந்த வருடம் ஆயுதபூஜை முடிந்ததும் வீடு மாறுவதாக முடிவாயிற்று. புது வீடு இரண்டாம் மாடி. அப்பா வாளியைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. தொழிற்சாலையில் எத்தனை வருடம் மெஷின் ஓட்டினாலும் கோபம் வந்தால் அவர் பேச்சு திருநெல்வேலிக்கே போய்விடும்.

“ஏட்டி, வண்டில சாமான ஏத்தவா, ஒன் கல்ல ஏத்தவா? பூசைக்கு வீடு கழுவயிலயே வெளிய கொட்டிரு.”

அம்மாவைப் பார்த்தேன். “அப்பா சொல்றது சரிதான?” என்று சொல்லிவிட்டு மிக்ஸியைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது முடித்தபோது ஒரு யோசனையும் வந்தது.

பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. அப்பாவின் ஸ்பேனர், அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின் என்று சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடைசியில் என் பள்ளிக்கூடப் புத்தகங்கள். அந்த அடுக்குக்குப் பின்னால் ராணியையும் இன்னும் நான்கு கற்களையும் ஒளித்து வைத்தேன். ஐந்துக்கு மேல் வைத்தால் அகப்பட்டுக்கொள்வேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஸ்பேனருக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தவள், அதே வேகத்தில் ஐந்து கற்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றப் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொரியை வாயில் திணித்துக்கொண்டு சமாளித்தேன்.

வாளியைக் கொட்டாமலே நாளைக் கடத்தினேன். வீடு மாறும் நாளில் சாமான் ஏற்ற வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. புத்தகங்களோடு இருந்த ஐந்து கற்களைக் கண்டதும் அப்பா அவற்றை எடுத்துத் தெருவில் எறியக் கை ஓங்கினார். வழியனுப்ப வந்திருந்த ஹவுஸ் ஓனர் அம்மா பதறிவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு.

“வத்து சார், வேணாம்! பொட்டு வெச்சு பூஜையில இருந்துச்சே, அத போய் ரோட்டுல போடுவாங்களா? பொம்பளப் புள்ள இருக்கற வீடு!”

அப்பாவின் கை அப்படியே கீழே இறங்கியது. “சரி, பொட்டு வச்சத மட்டும் எடுத்துக்க. வாளியக் கொட்டு” என்றார்.

பாதி வெற்றி என்பது தோல்வியைவிட வலித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாளியை இழுத்து வெளியே கொண்டுவந்து கவிழ்த்தேன். உருண்டோடிய ஒவ்வொரு கல்லிலும் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் நடுவே குங்குமம். புளியங்கொட்டை அளவுக் கல்லுக்குக்கூட அளவெடுத்தாற்போல் ஒரு பொட்டு.

ஹவுஸ் ஓனர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா கற்களைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா மும்முரமாகப் பாய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அப்பாவே கற்களைப் பொறுக்கி வாளியில் போட்டு, டிரைவர் பக்கத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே நான் மகாராணி மாதிரி ஊரைப் பார்த்துக்கொண்டு போனேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

கட்டிலுக்கு அடியில் சாமியே வந்து பொட்டு வைத்ததாக வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சாமிக்கு என் கற்கள் பிடித்திருந்தன, அவ்வளவுதான். அப்பா பக்கம் நின்று என்னிடம் தோற்றுப்போன அம்மாவைப் பார்க்கத்தான் கொஞ்சம் பாவமாக இருந்தது.